பூச்சாடிக்கு வெளியே நின்ற பூக்கள்

இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் யான் வான் ஹோய்சும் என்ற ஒல்லாந்து ஓவியரின் மலர்ப்படம் ஒன்று இருக்கிறது. சுட்டமண் சாடி நிறையப் பூக்கள். சாடியின் அடியில் ஒரு குருவிக்கூடு, கூட்டுக்குள் முட்டைகள். ஓவியர் தம் பெயரை எழுதி, பக்கத்தில் 1736 என்றும் 1737 என்றும் இரண்டு ஆண்டுகளைக் குறித்திருக்கிறார். ஒரு சாடிப் பூவை வரைய இரண்டு வருடம் பிடித்திருக்கிறது. ஏனென்றால் அந்தச் சாடியில் நிற்கும் பூக்கள் ஒன்றாக மலர்பவை அல்ல. வசந்தத்தின் தொடக்கத்தில் பூப்பதும் நடுக்கோடையில் பூப்பதும் ஒரே கொத்தில் நிற்கின்றன. ஒவ்வொன்றும் மலரும்வரை காத்திருந்து, பூவைக் கண்முன் வைத்து வரைந்தவர் வான் ஹோய்சும். படம் கேட்டு அவசரப்பட்ட ஒருவருக்கு 1742 இல் அவர் எழுதிய பதில் இன்றும் பேசப்படுகிறது: முந்திய வருடம் ஒரு மஞ்சள் ரோசா கிடைத்திருந்தால் வேலை முடிந்திருக்குமாம்.

மலர்ப்படக் கண்காட்சிக்குள் நுழைபவர், 'அசல் பூ மாதிரியே இருக்கிறது' என்ற வியப்போடு நின்றுவிட்டால் பாதிப் படத்தைத்தான் பார்க்கிறார். பூ ஒவ்வொன்றும் மெய். கொத்து கற்பனை. எந்த வீட்டு மேசையிலும் எந்த நாளிலும் இப்படி ஒரு கொத்து இருந்ததில்லை.

தமிழ் வாசகருக்கு இந்த உத்தி அந்நியமானது இல்லை. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் ஒரு பகற்பொழுதில் பறித்துப் பாறைமேல் குவிப்பதாகச் சொல்லப்படும் பூக்களை 99 என்று எண்ணுவது வழக்கம். மலைச்சாரல் பூவோடு கடற்கரை மணலில் படரும் அடும்பும் அந்தக் குவியலில் உண்டு. நிலமும் பருவமும் பிரித்து வைத்ததைக் கவிஞர் ஒரு பாறையில் கூட்டினார். ஒல்லாந்து ஓவியர் ஒரு சாடியில் கூட்டினார். இரண்டிலும் பார்க்கவேண்டியது அந்தக் கூட்டும் செயலைத்தான். யார் கூட்டினார், எங்கிருந்தெல்லாம் கூட்டினார், எதை விட்டுவிட்டார்?

முதலில் படத்தின் அருகில் போய்ப் பார்க்கலாம். பல பழைய மலர்ப்படங்களில் இலைகள் விசித்திரமான நீலமாகத் தெரியும். ஓவியர் இலையை நீலமாக வரையவில்லை. பச்சை உண்டாக்க நீலத்தோடு சேர்த்த மஞ்சள் சாயம் முந்நூறு வருட வெளிச்சத்தில் வெளிறிப்போனது. நீலம் மட்டும் மிஞ்சியது. பூவின் ஓரத்தில் ஓர் எறும்போ கம்பளிப்புழுவோ ஊரும். சில படங்களில் சாடி சீனப் பீங்கான். அம்புறோசியஸ் பொஸ்சார்ட் 1618 அளவில் வரைந்து, இப்போது ஹேக் நகர மௌரிட்ஸ்ஹொய்ஸ் நூதனசாலையில் இருக்கும் படத்தில், பூச்சாடிக்குப் பக்கத்தில் வெப்பமண்டலக் கடலின் சங்கு சிப்பி வகைகள் கிடக்கின்றன. ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனி 1602 இல் தொடங்கியது. பதினாறே வருடத்தில் கிழக்குக் கடல் சன்னல் விளிம்பில் வந்து உட்கார்ந்துவிட்டது.

இந்தத் தொடர்பை அண்மையில் வெளிச்சத்தில் வைத்த கண்காட்சி, ரேச்சல் ரோய்ஸ் என்ற பெண் ஓவியருடையது. 2024 நவம்பரில் ஜேர்மனியின் மியூனிக் நகரில் தொடங்கி, 2025 இல் அமெரிக்காவின் டொலிடோவுக்கும் பின் பொஸ்டனுக்கும் போனது. 1664 இல் பிறந்து 1750 இல் இறந்தவர் ரோய்ஸ். பத்துப் பிள்ளைகளைப் பெற்றவர். எண்பது வயது கடந்தும் வரைந்தார். முதுமையில் வரைந்த படங்களில் தம் வயதையும் பெருமையோடு எழுதிவைத்தார். றெம்பிராண்ட் ஒரு படத்துக்கு 500 கில்டருக்கு மேல் பெற்றது அரிது என்பார்கள். ரோய்ஸின் மலர்ப்படங்கள் 750 இலிருந்து 1200 கில்டர் வரை போயின. இவ்வளவு புகழோடு வாழ்ந்தவருக்குத் தனியாக ஒரு பெரிய நூதனசாலைக் கண்காட்சி அமைய இருபத்தோராம் நூற்றாண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அவருடைய தகப்பனார் பிரெடரிக் ரோய்ஸ் உடற்கூற்று அறிஞர். 1685 இலிருந்து ஆம்ஸ்டர்டாம் மருத்துவத் தோட்டத்தில் தாவரவியல் பேராசிரியராகவும் இருந்தார். அந்தத் தோட்டத்துக்குக் கம்பனிக் கப்பல்கள் ஆபிரிக்காவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் விதையும் கிழங்கும் கொண்டுவந்தன. அதனால் மகளின் ஒரு படத்தில் ஊமத்தைப்பூ வெளுப்பாக விரிகிறது. அதே நீலக் கண்ணாடிச் சாடியில் கள்ளியும் அத்திக் கிளையும் நிற்கின்றன. சிவனுக்குரியதென்று நாம் சொல்லும் ஊமத்தை ஆம்ஸ்டர்டாம் வணிகரின் வரவேற்பறைச் சுவரில் ஏறியிருக்கிறது. இக்கண்காட்சியில் ஓவியங்களுக்குப் பக்கத்தில் உலர்த்திய செடிகளையும் பதப்படுத்திய உயிரினங்களையும் வைத்தது சரியான முடிவு. தோட்டமும் கப்பலும் இல்லாமல் அந்தச் சாடி நிரம்பியிருக்காது.

இங்கேதான் கொழும்பில் இருப்பவருக்கு ஒரு கேள்வி எழுகிறது. 1656 இலிருந்து 1796 வரை, 140 வருடம், இந்த நகரம் ஒல்லாந்தர் கையில் இருந்தது. ரோய்ஸும் வான் ஹோய்சுமும் பிறந்து வரைந்து இறந்தது முழுக்க இந்தக் காலத்துக்குள். கறுவா ஏற்றிய கப்பல்கள் இங்கிருந்து வருடந்தோறும் புறப்பட்டன. அப்படியானால் இலங்கைப் பூக்கள் எங்கே? புகழ்பெற்ற எண்ணெய் வண்ணச் சாடிகளில் தேடினால், துலிப்பும் ரோசாவும் பியோனியும் ஆயிரக்கணக்கில் கிடைக்கும். தாமரை, செண்பகம், நாகம்பூ, கார்த்திகைப்பூ ஆகியவற்றைத் தேடிக் கண் நோகும்.

பூக்கள் போகாமல் இல்லை. அவை வேறு வழியால் போயின.

போல் ஹெர்மன் என்ற இளம் வைத்தியர் கம்பனி ஊழியராக 1672 இல் இலங்கை வந்தார். 1677 வரை கொழும்பைச் சுற்றிச் செடிகளைச் சேர்த்து, அமுக்கி உலர்த்தி, தாளில் ஒட்டினார், படங்களும் சேர்த்தார். பிறகு லெய்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, அங்குள்ள தோட்டத்தையும் பொறுப்பேற்றார். அத்தோட்டத்தைப் பற்றி 1687 இல் அவர் அச்சிட்ட நூலில் கார்த்திகைப்பூவுக்குப் படம் உண்டு. 1695 இல் அவர் இறந்தபின் இலங்கைத் தொகுதிகள் கண்ணில் படாமற்போயின. 1744 அளவில் அவை கோப்பன்ஹேகனில் ஓகஸ்ட் குந்தர் என்ற மருந்தாளரிடம் வெளிப்பட்டன. குந்தர் அவற்றைச் சுவீடனிலிருந்த லின்னேயஸுக்கு இரவலாக அனுப்பினார். தாவரங்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையால் பின்னர் உலகப் புகழ் பெறவிருந்த லின்னேயஸ், இலங்கையை ஒருநாளும் பார்த்ததில்லை. அந்த உலர்ந்த தாள்களைக்கொண்டே 1747 இல் 'ப்ளோரா செய்லானிக்கா' என்ற நூலை எழுதினார். 600க்கு மேற்பட்ட இலங்கைத் தாவரங்கள் அதில் வரிசைப்பட்டன. தொகுதிகள் கைமாறின. 1793 இல் ஆங்கிலேய இயற்கை அறிஞர் ஜோசப் பாங்க்ஸ் அவற்றை வாங்கினார். இப்போது அவை இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் இருக்கின்றன: நான்கில் உலர்ந்த செடி, ஒன்றில் வரைபடம்.

அந்தத் தாள்களில் செடிகளின் ஊர்ப்பெயர்கள் எழுதப்பட்டிருக்கின்றன. மருத்துவம் தெரிந்த யாரோ சொல்லாமல் அவை ஹெர்மனுக்குத் தெரிந்திருக்காது. சொன்னவர்கள் பெயர் தாளில் இல்லை. அதே காலத்தில் கொச்சியில் இருந்த கம்பனி அதிகாரி வான் ரேடே ஓரளவு நேர்மையாக நடந்தார். 1678 இலிருந்து 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வந்த அவருடைய 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' நூலின் முதல் தொகுதியில், இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரின் சாட்சியம் அவர் பெயரோடு அச்சாகியிருக்கிறது. அதே நூலின் பதினோராம் தொகுதியில், குறிஞ்சிப்பாட்டில் அடும்பு என்று வரும் நமது அடம்பனுக்கும் ஒரு படம் கிடைத்தது. 'அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு' என்று யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் சொல்லும் அதே கொடி.

சாடிக்குள் இவை ஏன் வரவில்லை என்பதற்குக் காரணங்களை ஊகிக்க முடியும். கொழும்பிலிருந்து ஒல்லாந்துக்குப் பாய்க்கப்பல் பயணம் பல மாதம். வெட்டிய பூ போகாது. விதையோ கிழங்கோ பிழைத்துப்போனாலும், அங்கே சூடேற்றிய கண்ணாடி வீட்டில் வளர்த்து, அது பூக்கும்வரை காத்திருக்க வேண்டும். பதினேழாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில்தான் அந்தக் கலை அங்கே கைகூடியது. பணக்காரத் தோட்டக்காரி அக்னஸ் புளொக் தம் வளவில் அன்னாசியைக் காய்க்க வைத்ததை ஓவியர் யான் வேனிக்ஸ் அவருடைய குடும்பப் படத்துக்குள்ளேயே வரைந்து வைத்தார் என்றால், அது எவ்வளவு பெரிய சாதனையாக எண்ணப்பட்டது என்று விளங்கும். வாங்குபவரின் மனமும் ஒரு காரணம். சுவரில் மாட்டுகிறவருக்கு, விலை தெரிந்த துலிப்பைப் பார்ப்பதில் ஒரு திருப்தி இருந்தது. பெயர் தெரியாத கொழும்புப் பூ அறிஞருக்கு உதவும்; வரவேற்பறைக்கு உதவாது. ஆகவே தூரதேசத்துப் பூக்கள் நீர்வண்ணத் தாளுக்கும் நூற்படத்துக்கும் போயின. ஆம்ஸ்டர்டாம் தோட்டத்துச் செடிகளை யான் மொனிங்க்ஸும் மரியா மொனிங்க்ஸும் வேறு சிலரும் வரைந்த 420 நீர்வண்ணப் படங்களின் தொகுதி இதற்கு நல்ல சான்று.

ஒரே பூவுக்கு இரண்டு விதி. எண்ணெய் வண்ணத்தில் ஏறியது கலைக்கூடத்துக்குப் போய் வருடம் முழுவதும் மக்கள் பார்க்கக் கிடைக்கிறது. நீர்வண்ணத்தில் ஏறியது நூலகப் பெட்டிக்குள் போய், எழுதிக் கேட்டவருக்கு மட்டும் திறக்கிறது. இந்தப் பிரிவினையால் அதிகம் மறைந்துபோனவர்கள் இலங்கையில் பிறந்த ஓவியர்கள்.

அவர்களில் ஒருவர் பீட்டர் கோர்னெலிஸ் டி பெவரே. ஐரோப்பிய–ஆசியக் கலப்புக் குடும்பத்தில் இந்தத் தீவில் பிறந்த இவர், 1752 இலிருந்து 1757 வரை தேசாதிபதியாக இருந்த யொவான் கிடியன் லோட்டனிடம் படவரைஞராக வேலை செய்தார். பறவை, விலங்கு, மீன், பூச்சி, செடி என்று லோட்டன் காட்டியதையெல்லாம் வரைந்தார். முகத்துவாரத்திலிருந்து கொட்டாஞ்சேனை வழியாகப் புறக்கோட்டைக்கு வருபவர்கள் பார்க்கும் வுல்பெண்டால் தேவாலயம் 1749 இல் தொடங்கி 1757 இல் திறக்கப்பட்டது. அந்தச் சுவர்கள் எழும்பிக்கொண்டிருந்த அதே வருடங்களில், அதே நகரத்தில், டி பெவரே தூரிகையோடு உட்கார்ந்திருந்தார். லோட்டன் படங்களை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். தோமஸ் பெனன்ட் 1769 இல் வெளியிட்ட இந்திய விலங்கியல் நூலுக்கு அவை ஆதாரமாயின. கப்டன் குக்கோடு பசிபிக் கடலுக்குப் போவதற்குமுன் ஓவியர் சிட்னி பார்க்கின்சன் அவற்றைப் பார்த்துப் பிரதி எடுத்தார். பூவுக்குப் பூ தாவித் தேன் குடிக்கும் ஊதா நிறத் தேன்சிட்டு ஒன்றுக்கு லின்னேயஸ் லோட்டனின் பெயரை வைத்தார். வரைந்த டி பெவரேயைக் கொழும்பில் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்?

பிரித்தானியர் காலத்தில் கதை கொம்பனித்தெருவுக்கு வருகிறது. 1810 இல் அங்கே ஒரு தாவரவியல் தோட்டம் தொடங்கி, இலண்டன் தோட்டத்தின் நினைவாகக் கியூ என்று பெயரிட்டார்கள். தோட்டம் மூன்றே வருடத்தில் களுத்துறைக்கும், 1821 இல் பேராதனைக்கும் மாறியது. கொம்பனித்தெருவில் கியூ வீதி என்ற பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. பேராதனைத் தோட்டத்தை நிறுவிய அலெக்சாண்டர் மூன் 1823 இல் ஹரமானிஸ் டி அல்விஸ் செனவிரத்னவைப் படவரைஞராக எடுத்தார். ஹரமானிஸ் 1861 வரை, 38 வருடம், அந்தப் பணியில் இருந்தார். அதிகாரிகள் வந்து வரைவு கேட்டுப் போனார்கள், இறந்தார்கள், மாறினார்கள். தூரிகை அவர் கையிலேயே இருந்தது. மகன்மார் வில்லியமும் ஜோர்ஜும் அதே தொழிலுக்கு வந்தார்கள். 1880களில் பிரெடரிக் மூர் வெளியிட்ட இலங்கை வண்ணத்துப்பூச்சி நூலின் அழகு இந்தக் குடும்பத்தின் உழைப்பு. இங்கிலாந்துத் தாவரவியலாளர் ஜோன் லிண்ட்லி 1858 இல் ஒரு சின்னஞ்சிறு ஓர்க்கிட்டுக்கு ஆல்விசியா என்று பெயர் வைத்து இந்தக் கலைஞரைக் கௌரவித்தார். பிற்காலத்தில் அந்தச் செடியை வேறொரு பேரினத்தோடு சேர்த்துவிட்டதால் அப்பெயரும் வழக்கில் இல்லை.

தாவரவியல் படம் கலையாகுமா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு செடியை நிழலில்லாத வெள்ளைத் தாளில், வேரிலிருந்து விதைவரை, எல்லா நாட்டவருக்கும் அடையாளம் தெரியும்படி நிறுத்துவதற்கு வேண்டிய கண், வான் ஹோய்சுமின் கண்ணுக்கு இளைத்ததல்ல. அவர் மஞ்சள் ரோசாவுக்குக் காத்திருந்தார். பேராதனை ஓவியர்கள், வருடத்தில் சில நாட்களே பூக்கும் காட்டுமரங்களுக்குக் காத்திருந்தார்கள். வேறுபாடு படச்சட்டத்திலும் சுவரிலும்தான் இருக்கிறது.

எண்ணெய் வண்ணத்தில் இலங்கைப் பூவை வரைய ஒருவர் பின்னால் வந்தார். மரியன் நோர்த் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1876–77 இல் இங்கே இருந்தபோது, களுத்துறையில் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரட் கமரனின் வீட்டில் தங்கினார். நோர்த் பூவைச் சாடியில் வைக்கவில்லை. அது வளரும் மண்ணோடும் வானத்தோடும் வரைந்தார். 1882 இல் இலண்டன் கியூ தோட்டத்தில் அவருக்கென்றே திறந்த கூடத்தில் 800க்கு மேற்பட்ட படங்கள் நெருக்கமாகத் தொங்குகின்றன. அதுவும் இலண்டனில்தான்.

கொழும்பில் தேசிய நூதனசாலை திறந்தது 1877 சனவரி முதலாம் திகதி. அதே வருடம் ஓகஸ்டில் கொழும்பில் ஆனந்த குமாரசுவாமி பிறந்தார். இந்த நாட்டுப் பூ ஓவியத்தைப் பற்றித் தீவிரமாக எழுதியவர் அந்தத் தமிழர்தான். 1908 இல், வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய அச்சுப்பொறியிலேயே அவர் அச்சிட்ட 'மத்தியகாலச் சிங்களக் கலை' நூலில், விகாரைச் சுவர்களிலும் மரவேலையிலும் துணியிலும் வரும் தாமரை, நாகம்பூ, மல்லிகை வடிவங்களை வரைந்து, கைவினைஞர் சொல்லும் பெயரோடு பதிவு செய்திருக்கிறார். வான் ஹோய்சும் ஆம்ஸ்டர்டாமில் இறந்து சில பத்தாண்டுகளுக்குள், கண்டிக்கு அருகே தெகல்தொருவைக் குகை விகாரையில் சிவப்புப் பின்னணியில் உருவங்களுக்கிடையில் பூக்கள் சொரிந்து நின்றன. அங்கே பூவுக்குச் சாடியும் மேசையும் தேவைப்படவில்லை. வெற்றிடம் என்று ஒன்றை விடக்கூடாது என்பதற்காகவும், புனிதமான நிகழ்ச்சியில் பூமாரி பொழியும் என்பதற்காகவும் அவை வந்தன. ஓவியர் எல். ரி. பி. மஞ்சுசிறீ வாழ்நாள் முழுவதும் விகாரைகளில் ஏறி இந்தச் சுவர்களைப் பிரதி செய்திராவிட்டால், இன்று அழிந்துவிட்ட பலவற்றின் வடிவமே தெரிந்திராது.

தமிழ்ச் சைவ வீடுகளில் படத்துக்குப் பூ வைப்பார்கள். பூவையே படமாக மாட்டும் வழக்கம் குறைவு. கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலுக்குப் போகிறவர் வாங்கும் மாலைக்கு ஒரு நாள் ஆயுள். வாடியதும் அடுத்தது வரும். வாடாத பூ வேண்டும் என்ற ஏக்கம் இங்கே கருங்கல்லுக்குப் போயிற்று, தூணிலும் கூரையிலும் தாமரையாக. ஆகவே, ஒல்லாந்து மலர்ப்படத்தைப் பார்த்து 'நம்மிடம் இந்தக் கலை இல்லையே' என்று குறைப்படுவதில் பொருளில்லை. நம்மிடம் பூ வேறு இடங்களில் இருக்கிறது. அது எங்கெங்கே இருக்கிறது என்று ஒரே கூரையின்கீழ் காட்டுவதற்குத்தான் ஆள் வேண்டும்.

அப்படி ஒரு கண்காட்சி கொழும்பில் நடக்கவேண்டும் என்பதே இக்கட்டுரையின் கோரிக்கை. அதற்குப் பொருத்தமான கட்டடமும் இருக்கிறது. புறக்கோட்டை பிரின்ஸ் வீதியிலுள்ள ஒல்லாந்தர் நூதனசாலை, தேசாதிபதி தோமஸ் வான் றேயின் பதினேழாம் நூற்றாண்டு மாளிகை. ஹெர்மன் இங்கிருந்து போய் அதிக காலம் ஆகாத போது எழும்பிய வீடு அது. அங்கே ஹெர்மனின் தாள்கள், டி பெவரேயின் நீர்வண்ணம், பேராதனை அல்விஸ் குடும்பத்துப் படங்கள், மஞ்சுசிறீயின் பிரதிகள், குமாரசுவாமியின் வரைகோடுகள் ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால், ஒல்லாந்து மலர்ப்படக் கண்காட்சி ஒன்றுக்குப் போய்வந்தவருக்கும் அது புதிதாக இருக்கும்.

நடைமுறைத் தடைகள் உண்மையானவை. நீர்வண்ணத் தாள் வெளிச்சம் தாங்காது. 50 லக்ஸ் அளவுக்கு மேல் விளக்கு வைப்பதில்லை, சில மாதத்துக்கு மேல் வெளியே விடுவதுமில்லை. எங்கள் கரையோர ஈரப்பதனுக்குக் குளிரூட்டிய அறை வேண்டும். இலண்டன் மூலத்தை இரவல் தரத் தயங்கும். ஆனால் ஹெர்மனின் தொகுதிகள் படமெடுக்கப்பட்டு இணையத்தில் யாரும் பார்க்கும்படி கிடக்கின்றன. நல்ல அச்சுப் பிரதியோடு தொடங்கி, பேராதனையிலிருந்து சில மூலப் படங்களை மாற்றி மாற்றி வைப்பது கைக்கெட்டாத காரியம் இல்லை.

பெயர்ப்பலகைகளில் இலத்தீனோடும் சிங்களத்தோடும் தமிழும் இருக்கவேண்டும். மூன் 1824 இல் கொழும்பு வெஸ்லியன் மிசன் அச்சகத்தில் அச்சிட்ட தாவரப் பட்டியல் சிங்களப் பெயர்களைத் தந்தது. ஹென்றி ட்ரைமன் 1893 இல் வெளியிடத் தொடங்கி, அவர் இறந்தபின் ஜோசப் ஹூக்கர் 1900 இல் முடித்துக் கொடுத்த இலங்கைத் தாவரக் கைந்நூலில், தெரிந்த இடமெல்லாம் தமிழ்ப் பெயரும் உண்டு. நூலோடு 100 படங்களும் உண்டு. அந்தப் பெயர்களை எடுத்து அந்தப் படங்களுக்குக் கீழே வைப்பதற்குப் புதிய ஆராய்ச்சி எதுவும் வேண்டியதில்லை.